ரதாவின் ஆமிரிய்யா மதரஸா: காப்பாற்றப்பட்டது கட்டடமா, பூச்சு வேலையா?

தாழ்வாரம் எழுதியது:

பழைய வக்ஃப் (அறக்கொடை) கட்டடங்களைப் புதுப்பிப்பது பற்றி இங்கே பேச்சு எழும்போதெல்லாம் இஸ்தான்புல், கெய்ரோ, டெல்லி என்றே போய்விடுகிறது. யேமனை யாரும் தொடுவதில்லை. அதனால் ஆமிரிய்யா மதரஸாவுக்கென்று தனி இழை ஒன்றைத் தொடங்குகிறேன்.

சனாவிலிருந்து தென்கிழக்கே சுமார் 150 கிலோமீட்டர் போனால் ரதா என்ற மலைநாட்டு ஊர் வரும். மண்நிற வீடுகளுக்கு நடுவே வெள்ளை வெளேரென்று நிற்கிறது இந்த மதரஸா. 1504இல் கட்டியவர் சுல்தான் ஆமிர் இப்னு அப்துல் வஹ்ஹாப், தாஹிரிய வம்சத்தின் கடைசி அரசர். கீழ்த்தளத்தில் வளைவுக் கூடங்களும் குளியல் அறைகளும். மேல்தளத்தில் ஆறு குவிமாடம் கொண்ட தொழுகைக் கூடம், முற்றம், பாடம் நடத்தும் கூடங்கள், சுற்றிலும் திறந்த தாழ்வாரங்கள். தொழுகைக் கூடத்தின் உள்ளே சுதை வேலைப்பாடும் வண்ண ஓவியங்களும் கூரை வரை நிறைந்திருக்கின்றன.

கட்டி முடித்துப் பதின்மூன்று ஆண்டுகளில் அரசரும் இல்லை, அரசும் இல்லை. செங்கடலில் போர்த்துக்கீசியரைத் தடுக்க எகிப்தை ஆண்ட மம்லூக்குகள் கப்பற்படை அனுப்பினார்கள். அந்தப் படை உணவுப்பொருள் கேட்டது, ஆமிர் மறுத்தார், பகை மூண்டது. அவர்களிடம் துப்பாக்கி இருந்தது, இவரிடம் இல்லை. 1517இல் சனாவுக்கு அருகே கொல்லப்பட்டார். அதே ஆண்டின் தொடக்கத்திலேயே கெய்ரோ உஸ்மானியர் கைக்குப் போய்விட்டது. அவரைக் கொன்ற படைக்குச் சொந்த அரசே அப்போது இல்லை என்பது எனக்கு எப்போதும் மனதை உறுத்தும் செய்தி.

கட்டியவர் போன பிறகு பராமரிப்பும் குறைந்தது. கூரை ஒழுகியது, சுவர்கள் பிதுங்கின. 1980களின் தொடக்கத்தில், யேமனில் வேலை பார்த்துவந்த ஈராக்கியத் தொல்லியலாளர் சல்மா அல் ராதி இந்தக் கட்டடத்தைக் கையில் எடுத்தார். யேமனியரான யஹ்யா அல் நஸீரியும் உள்ளூர்க் கொத்தனார்களும் உடன் நின்றார்கள். யேமன் அரசும் நெதர்லாந்து அரசும் பணம் கொடுத்தன. ஓவியங்களுக்குப் பிற்பாடு இத்தாலிய உதவி வந்தது. வேலை முடிந்தது 2005இல். 2007இல் ஆகா கான் கட்டடக்கலை விருது கிடைத்தது.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த நீண்ட வேலையில் கிடைத்த பெரிய செல்வம் குதாத் என்ற பூச்சு. யேமனில் மறைந்துகொண்டிருந்த அந்தக் கைவேலை இந்தக் கட்டடத்துக்காகத் தேடிப் பிடிக்கப்பட்டு மறுபடி பழகப்பட்டது. அது நடக்காமல் சிமென்ட் வைத்து ஆமிரிய்யாவை நிமிர்த்தியிருந்தால், இன்று நாம் பேச ஒன்றும் மிஞ்சியிருக்காது.

---

காரைவீடு எழுதியது:

நல்ல இழை அக்கா. காரைக்குடிப் பக்கத்தில் எங்கள் தாத்தா வீடு இன்னும் இருக்கிறது. தளம் மெட்ராஸ் டெரஸ், சுவர் சுண்ணாம்புப் பூச்சு. அதனால் கேட்கிறேன்: குதாத் என்பது நம் சுண்ணாம்புச் சாந்துதானா, வேறா? மழைநீர் நிற்கும் இடத்துக்குக்கூட அதையே பூசுவார்களாமே?

---

மஸ்கட்_பொறியாளர் எழுதியது:

இதை நான் சொல்கிறேன். இங்கே ஓமானில் பழைய கோட்டைகளிலும் ஃபலஜ் என்ற பாசன வாய்க்கால்களிலும் சாரூஜ் என்ற கலவையைப் பார்த்திருக்கிறேன். சுட்ட களிமண்ணும் சுண்ணாம்பும் சேர்ந்தது. குதாத்தும் அதே குடும்பம்; ஆனால் அதில் சேர்வது எரிமலைக் கசடு. யேமன் மலைநாட்டில் எரிமலைக் கற்களுக்குப் பஞ்சமில்லை. நுண்துளைகள் நிறைந்த, எடை குறைந்த கல்.

வெறும் சுண்ணாம்பும் மணலும் கலந்தால் அது காற்றிலிருந்து கரியமில வாயுவை இழுத்து மெல்ல மெல்ல இறுகும். தண்ணீரில் ஊறிக் கிடந்தால் இறுகாது. எரிமலைக் கசடில் இருக்கும் சிலிக்கா சுண்ணாம்போடு வினைபுரிந்து, ஈரத்திலும் இறுகும் சேர்மத்தை உண்டாக்கும். ரோமானியர் எரிமலைச் சாம்பலைக் கொண்டு செய்ததும் இதே வினைதான். நம் ஊரில் செங்கல் தூளை, சுர்க்கியை, சேர்ப்பதும் இதற்காகத்தான். யேமனில் பண்டைய மாரிப் அணையின் மதகுகளிலேயே இவ்வகைப் பூச்சைக் காணலாம். குளம், தொட்டி, வாய்க்கால், பள்ளிவாசல் கூரை என்று தண்ணீர் படும் இடமெல்லாம் குதாத்தான் அங்கே.

பொருள் இவ்வளவுதான். மீதி எல்லாம் உழைப்பு. நீற்றிய சுண்ணாம்பையும் கசடையும் சேர்த்து அடித்து அடித்துக் குழைப்பார்கள். பூசிய பிறகும் விடமாட்டார்கள். உலர உலரச் சுருங்கி வெடிப்பு வரும் அல்லவா, அது வரும்போதெல்லாம் கல்லால் கொத்தி அடித்து மூடிவிடுவார்கள். இது நாள்கணக்கில் நடக்கும். அப்புறம் மெல்லிய பூச்சு, சுண்ணாம்பு நீர் தெளித்து வழுவழுப்பான கூழாங்கல்லால் தேய்ப்பது. கடைசியில் விலங்குக் கொழுப்பு, பெரும்பாலும் எலும்பு மஜ்ஜை, தடவுவார்கள். கொழுப்பு சுண்ணாம்போடு சேர்ந்து சோப்புப் போன்ற ஒரு படலம் ஆகிவிடும். தண்ணீர் அதில் ஒட்டாது, வழிந்து ஓடிவிடும்.

காரைவீடு தம்பி, உங்கள் மெட்ராஸ் டெரஸ் தளத்தை நினைத்துப் பாருங்கள். செங்கல்லைச் செங்குத்தாகச் சாய்வில் அடுக்கி, மேலே செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டு, கடுக்காய் வெல்லத் தண்ணீர் தெளித்து, பெண்கள் வரிசையாக உட்கார்ந்து கட்டையால் நாள்கணக்கில் தட்டுவார்கள். அடித்து இறுக்கும் அறிவு இரண்டிலும் ஒன்று. தண்ணீரை விரட்டும் வழிதான் வேறு: அங்கே மஜ்ஜை, இங்கே கடுக்காயும் வெல்லமும்.

---

காரைவீடு எழுதியது:

அந்தத் தட்டும் வேலையை எங்கள் ஆச்சி சொல்லிக் கேட்டிருக்கிறேன். பாட்டுப் பாடிக்கொண்டே தட்டுவார்களாம். இப்போது எங்கள் பக்கம் அதற்கு ஆள் கிடைப்பது பெரும்பாடு. இரண்டு கொத்தனார்களிடம் கேட்டோம், இருவரும் "மேலே சிமென்ட் தளம் போட்டுக்கொள்ளுங்கள்" என்றார்கள். யேமனில் ஆள் எங்கிருந்து கிடைத்தது?

---

தாழ்வாரம் எழுதியது:

அங்கேயும் இதே கதைதான். 1970களில் சவூதியிலும் வளைகுடாவிலும் வேலை பார்த்த யேமனியர் அனுப்பிய பணம் ஊருக்குள் பாய்ந்தது. கூடவே சிமென்ட்டும் வந்தது. மாதக்கணக்கில் தேய்த்துக்கொண்டிருக்க யாருக்குப் பொறுமை? ஒரு தலைமுறை குதாத்தைத் தொடவே இல்லை. தொடாவிட்டால் கை மறந்துவிடும்.

ரதாவில் சில முதிய கொத்தனார்களுக்கு நினைவு இருந்தது. அவர்களை வைத்துச் சுண்ணாம்பு, கசடு அளவுகளை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்து, பழைய பூச்சோடு ஒப்பிட்டு, மறுபடி கண்டுபிடித்தார்கள். இளையவர்கள் பக்கத்தில் நின்று பழகினார்கள். வேலை இவ்வளவு ஆண்டுகள் இழுத்ததைக் குறையாகச் சொல்வோர் உண்டு. எனக்கு அது வரமாகத் தெரிகிறது. மூன்று ஆண்டுத் திட்டமாக இருந்திருந்தால், ஒரு பையன் உதவியாளாகச் சேர்ந்து தேர்ந்த கொத்தனாராக வளர நேரமே இருந்திருக்காது.

---

சுவடிப்பெட்டி எழுதியது:

எல்லோரும் பாராட்டுகிறீர்கள். என் தயக்கத்தையும் பதிந்துவிடுகிறேன்.

படங்களில் ஆமிரிய்யா நேற்றுக் கட்டி முடித்ததுபோல் இருக்கிறது. வெளிப்பூச்சு புதிது, கூரைப் பூச்சு புதிது, கீழ்த்தள வளைவுகளில் பல கற்கள் புதியவை. பழைய கட்டடங்களைப் பாதுகாப்பதற்கான 1964 வெனிஸ் சாசனம் என்ன சொல்கிறது? பழையதையும் புதியதையும் பார்ப்பவர் பிரித்தறிய முடிய வேண்டும், ஊகம் தொடங்கும் இடத்தில் வேலை நிற்க வேண்டும் என்கிறது. ஐந்நூறு ஆண்டு வெயிலும் மழையும் ஒரு சுவரில் எழுதியதையெல்லாம் வெள்ளையாக மூடிவிட்டு அதற்கு விருதும் கொடுப்பது எனக்கு உவப்பாக இல்லை. தமிழ்நாட்டில் கோயில் கும்பாபிஷேகம் என்ற பெயரில் மணல்வீச்சு அடித்துக் கல்வெட்டுகளை மழுங்கடித்ததை நாம் எல்லோரும் கண்டித்தோம். இதை மட்டும் ஏன் வேறு அளவுகோலால் அளக்கிறோம்?

---

மஸ்கட்_பொறியாளர் எழுதியது:

மணல்வீச்சு கல்லைத் தின்னும். போனது போனதுதான், கல்வெட்டு திரும்பாது. பூச்சு அப்படி அல்ல. மழையில் தேய வேண்டியதே அதன் வேலை. உள்ளே இருக்கும் கல்லும் செங்கல்லும் நனையக் கூடாது என்பதற்காகப் பூச்சு தேய்கிறது. குதாத் போட்ட ஒவ்வொரு கூரையும் காலந்தோறும் பழுது பார்க்கப்பட்டுத்தான் வந்திருக்கிறது. அந்த வரிசை அறுந்ததால்தான் கட்டடம் ஒழுகியது. பழைய கறைகளை அப்படியே வைத்திருந்தால் தண்ணீர் உள்ளே இறங்கி ஓவியங்கள் உதிர்ந்திருக்கும். கூரை ஒழுகாமல் இருப்பதா, சுவரின் முதுமை தெரிவதா என்று கேட்டால் நான் கூரைப் பக்கம்தான் நிற்பேன்.

சிமென்ட் பற்றியும் ஒரு வார்த்தை. அது சுண்ணாம்புச் சுவரைவிடக் கடினம், ஈரத்தை வெளியே விடாது. அடியில் இறங்கிய தண்ணீர் போக வழியின்றி சுவருக்குள்ளேயே தங்கி உப்புப் பூக்கும், கல்லின் முகம் பொடிப்பொடியாக உதிரும். மேலே சிமென்ட் அப்படியே நிற்கும், பின்னால் சுவர் மாவாகிக் கிடக்கும். இதை வேலையில் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

---

தூரிகை எழுதியது:

சுவடிப்பெட்டி ஐயாவின் கேள்விக்கு உள்ளே இருக்கும் ஓவியங்களை வைத்துப் பதில் சொல்லத் தோன்றுகிறது. வெளிச்சுவரையும் ஓவியத்தையும் அங்கே ஒரே மாதிரி நடத்தவில்லை. பூச்சைப் புதிதாகப் போட்டார்கள். ஓவியத்தைப் புதிதாகத் தீட்டவில்லை. ரோமிலிருந்து வந்த பாதுகாப்புக் குழு படிந்த அழுக்கை எடுத்து, சுவரிலிருந்து பிரிந்து நின்ற வண்ண அடுக்கை ஒட்டி நிலைநிறுத்தியது. சுதை வேலைப்பாட்டின் மேல் காலம் காலமாக அடித்த வெள்ளை அடுக்கடுக்காக ஏறிச் செதுக்கலே தெரியாமல் அடைத்திருந்தது. அதைச் சிறு கருவிகளால் பொறுமையாகச் சுரண்டி எடுத்தார்கள்.

அந்தக் கூடத்தில் கண்ணை எங்கே வைப்பது என்றே தெரியாது. குவிமாடத்தின் உட்புறம், வளைவின் அடி, மூலைத் தாங்கிகள், எல்லா இடத்திலும் கொடியும் பூவும் வடிவக் கட்டங்களும் குர்ஆன் வசனங்களும். ஒரு குவிமாடத்தின் வடிவம் அடுத்ததில் அப்படியே திரும்புவதில்லை. யேமனின் தென்பகுதியில், தாஹிரியருக்கு முன் ஆண்ட ரசூலியர் காலத்திலிருந்தே குவிமாடத்துக்குள் இப்படித் தீட்டும் மரபு உண்டு. தாயிஸில் இருக்கும் முஸஃப்ஃபர் பள்ளியிலும் அஷ்ரஃபிய்யாவிலும் பார்க்கலாம். ஆமிரிய்யா அந்த வரிசையில் வருவது, என் கண்ணுக்கு அதன் உச்சம். வடக்கே சனா பெரிய பள்ளியோ வேறு வகை: தூண்கள் நிறைந்த தட்டைக் கூரை, நடுவே முற்றம். இரண்டையும் சேர்த்து "யேமன் பாணி" என்று ஒரே பெயரில் அடக்குவது எனக்கு ஒப்பவில்லை.

---

சுவடிப்பெட்டி எழுதியது:

ஓவியத்துக்கும் பூச்சுக்கும் வேறு வேறு முறை என்பது ஏற்கத்தக்க விளக்கம். கூரை விஷயத்தில் பொறியாளரோடு எனக்கு வாதம் இல்லை. வெளிச்சுவரில் மட்டும் ஓரிடத்தில், ஒரு சதுர முழமாவது, பழைய பூச்சைச் சாட்சியாகத் திறந்து வைத்திருக்க வேண்டும் என்று இன்னும் சொல்வேன். அடுத்த தலைமுறைக் கொத்தனாருக்கும் அது ஒரு பாடம் அல்லவா?

---

தாழ்வாரம் எழுதியது:

அந்தச் சாட்சித் துண்டு யோசனை எனக்கும் பிடித்திருக்கிறது. நம் ஊர் வேலைகளிலும் இதைக் கட்டாயமாக்கலாம்.

---

பள்ளித்தெரு எழுதியது:

இதுவரை யாரும் வக்ஃப் பற்றிப் பேசவில்லையே அக்கா. நான் கடற்கரை ஊர்க்காரன், எங்கள் ஜமாஅத்தில் இந்தப் பேச்சு அடிக்கடி அடிபடும். அதனால் எழுதுகிறேன்.

மதரஸா என்றால் சுவரும் கூரையும் மட்டும் போதாது. ஆசிரியருக்குச் சம்பளம், மாணவருக்குச் சாப்பாடு, விளக்குக்கு எண்ணெய், தண்ணீர் இறைப்பவருக்குக் கூலி, இவ்வளவும் வருடா வருடம் வர வேண்டும். அதற்குத்தான் நிலமும் கடையும் வக்ஃபாக எழுதி வைப்பது. அந்தச் சொத்தை விற்க முடியாது, வாரிசு பிரிக்க முடியாது, வருமானம் சொன்ன காரியத்துக்கே போக வேண்டும். முதலில் பழுது பார்க்கும் செலவு, மிச்சம்தான் மற்றதற்கு என்பது சட்ட நூல்களில் பொதுவாக இருக்கும் ஒழுங்கு. கட்டடம் விழுந்தால் தர்மமே நின்றுவிடும் என்று தெரிந்து வைத்த வரிசை அது.

அரசு மாறி நிலத்தின் வருமானம் வேறு கைக்குப் போனால், கூரைப் பூச்சுக்குக் காசு இருக்காது. நாம் ஒழுகல் என்று பேசுவது அங்கேதான் தொடங்குகிறது. வெளிநாட்டு உதவியில் ஒரு தடவை புதுப்பிக்கலாம். பத்து வருடம் கழித்து அடுத்த பூச்சுக்கு யார் பணம் தருவார்கள்? விருதுக் குறிப்பைவிட இதைத்தான் நான் முதலில் கேட்பேன்.

இன்னொரு விஷயம். ஏடனுக்கும் எங்கள் கடற்கரைக்கும் பழைய தொடர்பு உண்டு. எங்கள் கரையின் பழைய துறைமுகமான காயலுக்கு ஏடனிலிருந்து குதிரைக் கப்பல்கள் வந்ததை மார்க்கோ போலோவே எழுதியிருக்கிறார். 1290களில் ரசூலிய சுல்தானின் அரசாங்கக் கணக்கில், குஜராத்திலிருந்து சோழமண்டலக் கரை வரை இருந்த துறைமுகங்களின் காஜிகளுக்கும் (நீதிபதிகள்) கத்தீபுகளுக்கும் (பள்ளியில் உரை நிகழ்த்துவோர்) உதவித்தொகை போன பட்டியல் இருக்கிறது. ஆமிரிய்யாவின் தாழ்வாரங்களில் இந்தியச் சாயல் இருப்பதாகச் சொல்கிறார்களே, அது இந்த வழியில் வந்திருக்குமா?

---

தூரிகை எழுதியது:

பள்ளித்தெரு, திறந்த தாழ்வாரங்களையும் முன்னுக்கு நீண்ட சாளரங்களையும் பார்த்துச் சில ஆய்வாளர்கள் இந்தியத் தொடர்பைப் பேசுகிறார்கள். ஆனால் நான் குஜராத் பக்கம்தான் பார்ப்பேன். அங்குள்ள கம்பாத் துறைமுகத்தில் செதுக்கிய பளிங்குக் கல்லறைக் கற்கள் கப்பலேறி அரபிக் கரைக்கும் கிழக்கு ஆப்பிரிக்காவுக்கும் சுமத்ராவுக்கும் போயிருக்கின்றன. வடிவங்கள் கப்பலில் போகும் என்பதற்கு அதுவே போதும். காயல் தொடர்பு உண்மையானது, அதை ஆமிரிய்யாவின் சாளரத்தோடு முடிச்சுப் போட வேண்டாம். கட்டடத்தின் எலும்பும் தோலும் யேமனுடையவை: ரசூலியர் வழி வந்த அமைப்பு, அந்த மலையின் கசடு, அந்த ஊர்க் கொத்தனாரின் கை.

---

தாழ்வாரம் எழுதியது:

பள்ளித்தெரு கேட்ட பணக் கேள்விதான் என்னையும் தூங்கவிடாதது. 2012 ஜனவரியில் அல் காய்தாவைச் சேர்ந்த ஆயுதக் குழு ரதாவைப் பிடித்தது. ஆமிரிய்யாவும் அவர்கள் கையில் இருந்தது. சில நாளில் விலகினார்கள். அப்புறம் நாடே போரில் விழுந்தது. மார்ச்சிலும் ஜூலைக்குப் பிறகும் மலைநாட்டில் மழை பெய்யும். ஒவ்வொரு மழைக்கும் முன்னால் யாராவது கூரையேறி வெடிப்புப் பார்த்து அடைக்க வேண்டும். வெளியூர் நிபுணர் வர முடியாத காலத்தில் அதைச் செய்யக் கூடியவர்கள் அந்த ஊரில் பழகிய கொத்தனார்கள் மட்டும்தான். சுண்ணாம்பும் கசடும் கொழுப்பும் அவர்கள் பக்கத்திலேயே கிடைக்கிறது, இறக்குமதி தேவையில்லை.

சல்மா அல் ராதி 2010இல் காலமானார். இந்தப் போரை அவர் பார்க்கவில்லை. மருந்துக்கும் மாவுக்கும் திண்டாடும் நாட்டில் சுவரைப் பற்றிக் கவலைப்படலாமா என்று சிலர் கேட்பார்கள். ஒரு ஊர்க் கொத்தனாரின் பிழைப்பும் அந்தச் சுவரில்தானே இருக்கிறது?

---

பள்ளித்தெரு எழுதியது:

சரி, இப்போது எங்கள் வீட்டு விஷயம். ஊரில் ஒரு பழைய கல் பள்ளி இருக்கிறது. தளம் சுண்ணாம்பு. போன மழையில் மிஹ்ராபுக்கு (தொழுகைத் திசை காட்டும் மாடத்துக்கு) பக்கத்தில் ஒழுகியது. மேலே சிமென்ட் கான்கிரீட் போட்டுவிடலாம் என்று பேச்சு வந்திருக்கிறது, நன்கொடையும் சேர்ந்துவிட்டது. இந்த இழையை எங்கள் முத்தவல்லியிடம் (வக்ஃப் நிர்வாகியிடம்) காட்டப் போகிறேன். பொறியாளர் அண்ணன், சுண்ணாம்பு எத்தனை பங்கு, சுர்க்கி எத்தனை பங்கு என்று எழுதித் தர முடியுமா? கூட்டத்தில் காகிதம் காட்டினால்தான் கேட்பார்கள்.

---

மஸ்கட்_பொறியாளர் எழுதியது:

தம்பி, பங்குக் கணக்கை இங்கிருந்து எழுதித் தர மாட்டேன். ரதாவிலேயே பழைய பூச்சைப் பார்த்துப் பார்த்துத்தான் அளவைப் பிடித்தார்கள். உங்கள் தளத்தில் பழைய கலவை உறுதியாக இருக்கும் இடத்தில் கைப்பிடி அளவு பெயர்த்து, சோதனைக்கூடத்தில் கொடுங்கள். சுண்ணாம்பு எவ்வளவு, செங்கல் தூள் எவ்வளவு, கடற்கரை மணலின் உப்பு இருக்கிறதா என்று சொல்வார்கள். காகிதம் அங்கே கிடைக்கும்.

அதற்கு முன் மழைநீர்க் குழாய் வாயைப் பாருங்கள். பாதி ஒழுகல் அடைப்பில்தான் இருக்கும். தளத்தின் வாட்டம் மாறியிருக்கிறதா, கைப்பிடிச் சுவரும் தளமும் சேரும் மூலையில் வெடிப்பு உண்டா, ஏதாவது செடி வேர் விட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். இதெல்லாம் பெரிய செலவில்லாத வேலை.

கான்கிரீட் போட்டால் அந்த எடையைப் பழைய உத்தரமோ கல்பலகையோ தாங்குமா என்று ஒரு கட்டமைப்புப் பொறியாளர் எழுதித் தரட்டும் என்று கூட்டத்தில் கேளுங்கள். அந்தக் கேள்விக்கே பாதிப் பேர் நின்று யோசிப்பார்கள். வேலையை வடகிழக்குப் பருவமழை முடிந்து தை மாதத்தில் தொடங்குங்கள், சுண்ணாம்பு இறுக அவகாசம் வேண்டும். காரைவீடு தம்பியின் பக்கத்திலும் தளம் தட்டத் தெரிந்தவர்களைத் தேடுகிறார்கள். இருவரும் பேசிவைத்துக்கொண்டு ஒரே குழுவை அழைத்தால், அவர்களுக்கும் தொடர்ந்து வேலை கிடைக்கும்.

---

காரைவீடு எழுதியது:

பள்ளித்தெரு, தனிமடல் அனுப்பியிருக்கிறேன். எங்கள் ஆச்சி காலத்தில் தட்டிய ஒரு அம்மா பக்கத்து ஊரில் இருக்கிறாராம். வேலை செய்ய முடியாத வயது. ஆனால் உட்கார்ந்து சொல்லித் தருவேன் என்கிறார்.